மண்தட்டில் ஒரு கட்டம்

அந்த அக்காவோடு தாயம் ஆட உட்கார்ந்தால் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, அவள் மூக்கையும் பார்க்க வேண்டும். அவள் காய் வெட்டுப்படப் போகிறது என்றால் உடனே அவளுக்கு ஏதாவது வாசனை வந்துவிடும். "ஏ புள்ள, அடுப்புல என்னமோ கருகுது பாரு" என்பாள். நாம் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டு வருவதற்குள் அவள் காய் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டம் மலையாக இருக்கும். மலையில் இருக்கும் காயை வெட்டக் கூடாது என்பது சட்டம். அந்த ஒரு சட்டத்தை மட்டும் அக்கா உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவாள்.

கையும் களவுமாகப் பிடித்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "காய் முன்னயே இங்கதான இருந்துச்சு. ஒன் கண்ணுல பூ விழுந்திருக்கு, ஆஸ்பத்திரியில காட்டு" என்று நமக்கே வைத்தியம் சொல்வாள். எனக்கும் முன்கோபம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை ஆத்திரத்தில் ஆடுகிற கொட்டைகளை அள்ளி ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். அவை கீழே பக்காலா மளிகைக்கடை வாசலில் நின்ற ஒருவர் தலையில் விழுந்தன. அக்கா நிதானமாக எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வெள்ள, ரெண்டு கருப்பு. ரெண்டு விழுந்துருக்கு. என் ஆட்டந்தான்" என்றாள். நான் பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை.

பர் துபாயில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரருக்கு மீனா பஜாரில் துணிக்கடையில் வேலை. நான் வீட்டிலேயே அரபுப் பெண்களுக்கு அபாயா என்கிற கறுப்பு அங்கியும் வீட்டு உடுப்பும் தைத்துக் கொடுத்தேன். தோள், கை, இடுப்பு என்று ஆரம்பித்து அவர்கள் மாமியார் கதை வரைக்கும் கேட்டுக் கேட்டு எனக்கு அரபி வந்தது. வீட்டு வேலைக்கு வந்திருந்த நம் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுத் தாயம் ஆடிவிட்டுப் போவார்கள். ராமநாதபுரத்துப் பக்கத்து அக்கா அவர்களில் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

அபாயாவுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற கறுப்பு லைனிங் துணியில் மிஞ்சிய துண்டை விரித்து, தையல் சாக்பீஸால் நான்தான் கட்டம் போட்டுக் கொடுத்தேன். மலைகளுக்குப் பெருக்கல் குறி, காய் போய்ச் சேர்ந்து பழமாகிற நடுக்கட்டத்துக்கு ஒரு வட்டம். தாயக்கட்டைக்கு ஊரில் புளியங்கொட்டை தேய்ப்போம். இங்கே பேரீச்சங்கொட்டைதான் மலிவு. அக்கா நாலு கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைப் பால்கனித் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்து, மறுபக்கத்தில் கண்மையை அப்பி வைத்திருந்தாள். வேலை செய்யும் வீட்டிலும் தனியாக ஆடிப் பார்க்க வேண்டுமென்று துணியையும் கொட்டைகளையும் தன்னோடு கொண்டுபோய்விட்டாள். தன்னோடு தானே ஆடும்போதும் ஏமாற்றுவாளா என்று கேட்டேன். "பின்ன? தோத்துப்போக யாருக்குப் பிடிக்கும்?" என்றாள்.

இதைக் கேட்டு அவளைப் பொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலை செய்த வீட்டில் சோப்புப் பெட்டிக்குள் கழற்றி வைத்து மறந்த வைர மோதிரத்தை, தேடுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவள். பொய் பேச மாட்டாள். விளையாட்டில் மட்டும்தான் இந்தப் புத்தி. ஒருநாள் மனம் விட்டுச் சொன்னாள்: "எந்திரிக்கிறது அவுங்க சட்டம், படுக்குறது அவுங்க சட்டம், எந்தக் கதவு வழியா வரணுங்கிறதும் அவுங்க சட்டம். இந்தத் துணி அளவு எடத்துலயாவது என் சட்டம் இருந்துட்டுப் போகட்டுமே, புள்ள." அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் திட்டினேன்.

அவள் முதலில் வேலை பார்த்தது ஒரு கிரேக்கக் குடும்பத்தில். கணவர் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இன்ஜினியர். அந்த மேடம் கிரீட் என்ற தீவுக்காரி. ஓய்வு நேரத்தில் அக்காவை உட்காரவைத்துப் படப் புத்தகம் காட்டி, சைகையிலும் அரைகுறை இங்கிலீஷிலும் தன் ஊர்ப் பெருமை பேசுவாளாம். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே மினோவர்கள் என்று ஒரு ஜனம் இருந்ததாம். பாய்ந்து வரும் காளையின் கொம்பைப் பிடித்து அதன் முதுகுமேல் கரணம் போட்டுத் தாண்டுவது அவர்கள் விளையாட்டு. "எங்க பக்கம் மஞ்சுவெரட்டுல பாக்காததா?" என்றாளாம் அக்கா. அரண்மனையில் தந்தமும் பளிங்கும் பதித்த ஆட்டப் பலகை ஒன்றும் கிடைத்ததாம். எப்படி ஆடுவது என்று யாருக்கும் தெரியாதாம். "ஆளும் போச்சு, சட்டமும் போச்சு. பலக மட்டும் கெடக்கு" என்று அக்கா என்னிடம் மாய்ந்துபோனாள். அவ்வளவு பெரிய சங்கதியில் அவளுக்கு வருத்தமாக இருந்தது அந்த ஒன்றுதான்.

அந்தக் குடும்பம் ஊர் திரும்பும்போது மேடம் அவளுக்கு ஒரு மண்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். கையகலம் இருக்கும், செங்கல் நிறம். அந்தத் தீவில் தோண்டி எடுத்த பழைய தட்டு ஒன்றின் நகல். ஊர் சுற்ற வருகிறவர்களுக்குக் கடையில் விற்பது. ஓரத்தில் ஆரம்பித்து நடுவரைக்கும் சுருண்டு போகும் பாதை. அதில் சிறு சிறு கட்டங்கள். கட்டத்துக்குள் மீன், பறவை, பூ, நடக்கிற மனிதன், தலையில் கொண்டை சிலிர்த்த ஒரு முகம், புள்ளி வைத்த கேடயம். எழுத்தாம். இதுவரை எவனும் படிக்கவில்லையாம். பாட்டு என்பார்கள், பிரார்த்தனை என்பார்கள், விளையாட்டு என்பாரும் உண்டு என்று மேடம் சொல்லியிருக்கிறாள். அக்கா கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். என் வீட்டில் அதைத் தரையில் வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பாள். "கட்டம் இருக்கு, வழி இருக்கு, நடுவுல பழம் இருக்கு. பின்ன என்ன எழவு இது, வெளாட்டு இல்லாம?" ஆனால் அதை எப்படி ஆடுவது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்து அவள் போய்ச் சேர்ந்தது ராஷிதியா பக்கம் ஒரு அரபு வீடு. நல்ல மனிதர்கள்தான். அந்த வீட்டு மருமகளுக்கு வயிற்றிலிருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அந்தப் பெண் ஒரே அழுகை, சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுச் சமையல்காரி அறையைக் கூட்டும்போது அக்காவின் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டாள்.

மூட்டைக்குள் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். யாருக்கும் தெரியாத குறிகள் சுருண்டு கிடக்கும் மண்தட்டு. கறுப்புத் துணியில் வெள்ளைக் கட்டங்கள், நடுநடுவே பெருக்கல் குறி. ஒரு பக்கம் மை அப்பிய கொட்டைகள். பிள்ளை பறிகொடுத்த வீட்டில், முஸ்லிம் அல்லாத ஒருத்தியின் படுக்கைக்கு அடியில். ஸிஹ்ர் என்றார்கள். சூனியம். அந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அப்புறம் வேறு பேச்சே கிடையாது. போலீஸ், ஜெயில், எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது.

மதியம் என் வீட்டுக்குப் போன் வந்தது. பேசியவர் அந்த வீட்டு முதலாளி. அவர் மனைவிக்கு, அதாவது அந்த மருமகளுக்கு, நான்தான் துணி தைப்பேன். சத்தம் போடாத மனிதர். அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "அவள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை. நீ வந்து கேட்டுச் சொல். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் போகிற வழியில் அவளைப் போலீஸில் விடப்போகிறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். "நீ போவாதே. கட்டம் போட்டது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவே? துணி உன் துணி, சாக்பீஸ் உன் சாக்பீஸ். நம்ம விசாவும் சேர்ந்து போயிரும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. போகாவிட்டால் இன்னும் சந்தேகம் வரும் என்று அவரிடம் சொன்னேன். உண்மையில், அந்த வீட்டில் அவள் பேச்சு புரிகிற ஒரு ஆள்கூட இல்லையே என்ற நினைப்புதான் என்னை டாக்ஸியில் ஏற்றியது.

மஜ்லிஸ் என்கிற வரவேற்பறையில் கம்பளத்தின் நடுவில் மூட்டையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முதலாளி ஒரு பக்கம். அவர் மனைவி சுவரோரம், கண்ணெல்லாம் வீங்கி. எதிரே முதலாளியின் தாயார். வீட்டில் எல்லோரும் ஹஜ்ஜியா என்று கூப்பிடுவார்கள். முகத்தில் பழங்காலத்து புர்கா முகமூடி, கண் இரண்டு மட்டும் தெரியும். அக்கா கதவோரம் நின்றாள். அவளை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. உதடு வெளுத்திருந்தது.

"இதில் என்ன எழுதியிருக்கிறது? கேள்" என்றார் முதலாளி, தட்டைக் காட்டி.

கேட்டேன். இருக்கிற உண்மையைச் சொன்னால், உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல வேண்டும். இதைவிட மோசமான பதில் உண்டா?

"எழுத்து இல்லன்னு சொல்லு புள்ள. வெளாட்டுன்னு சொல்லு" என்றாள்.

"விளையாட்டாம்" என்றேன்.

முதலாளி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் ஆடிக் காட்டச் சொல்."

அவளுக்கு ஆடத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மொழிபெயர்த்தேன். அக்கா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பளத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆடுறதுக்கு எதுத்தாப்புல ஒரு ஆள் வேணுமே" என்றாள்.

யாருக்குத்தான் அந்தத் தட்டைத் தொட மனம் வரும்? ஹஜ்ஜியா மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லித் தட்டைத் தன் கையால் நேராக வைத்தார். "யல்லா, ஆடு" என்றார்.

அக்கா கஹ்வா என்கிற அரபுக் காப்பி வைத்த தட்டிலிருந்து ஒரு காப்பிக்கொட்டையும் ஒரு ஏலக்காயும் எடுத்தாள். காப்பிக்கொட்டை அவள் காய், ஏலக்காய் ஹஜ்ஜியாவின் காய். சட்டம் சொல்ல ஆரம்பித்தாள். ஓரத்திலிருந்து கிளம்பி நடுவில் உள்ள பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். மீன் வந்தால் இன்னொரு தரம் கொட்டை போடலாம். பறவை வந்தால் அடுத்த பறவைக்குப் பறக்கலாம். கேடயம் என்றால் மலை, வெட்டக் கூடாது. கொண்டைத் தலைக்காரன் காவல்காரன், அவன் கட்டத்தில் நின்றால் ஒரு ஆட்டம் சும்மா இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அவள் வாயிலிருந்து வரும்போதுதான் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அரபியில் சொல்லச் சொல்ல ஹஜ்ஜியா ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டார். அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

கொட்டைகள் உருண்டன. ஏலக்காய் முதலில் போனது, காப்பிக்கொட்டை பின்னாலேயே போனது. ஹஜ்ஜியா மீன் வந்தபோது மறக்காமல் இரண்டாம் தரம் போட்டார். அக்காவின் காய் கொண்டைத் தலையில் போய் நின்றது. அடுத்த முறை அவள் பாட்டுக்குக் கொட்டையை எடுத்து உருட்டிவிட்டாள். தான் சொன்ன சட்டத்தைத் தானே மறந்துவிட்டாள்.

"காவல்காரன் என்றாயே. ஒரு ஆட்டம் சும்மா இருக்க வேண்டும் என்றாயே" என்றார் ஹஜ்ஜியா.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மொழிபெயர்த்துவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தேன். சொந்தச் சட்டம் தெரியாத விளையாட்டு என்ன விளையாட்டு? அக்கா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "மொத சுத்துல காவல்காரன் தூங்குவான். ரெண்டாஞ் சுத்துலதான் முழிப்பான். அத சொல்ல மறந்துட்டேன்" என்றாள். நான் அதையும் சொன்னேன். முகமூடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் அவளை விட்டு நகரவில்லை. பிறகு ஹஜ்ஜியா கொட்டைகளை எடுத்தார். ஆட்டம் நடந்தது.

ஏலக்காய் நடுப்பூவுக்கு இரண்டு கட்டம் முன்னால் வரை வந்துவிட்டது. காப்பிக்கொட்டை அதற்கும் ஒரு கட்டம் பின்னால்; ஒரு கட்டம் நகர்ந்தால் ஏலக்காயை வெட்டிவிடலாம். ஹஜ்ஜியாவுக்கு இரண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தோற்றால் போகட்டுமே, விளையாட்டுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதும் என்று நான் உள்ளுக்குள் ஸலவாத்து ஓதி வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

வேண்டாம் அக்கா, இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"உள்ள கஹ்வா பொங்கி வழியிற வாசன வருது. சொல்லு புள்ள" என்றாள்.

சொல்லாவிட்டால் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள். சொன்னேன். முதலாளி சமையலறைப் பக்கம் திரும்பினார். மருமகளும் திரும்பினாள். ஹஜ்ஜியா திரும்பவில்லை. அக்காவின் கட்டைவிரல் காப்பிக்கொட்டையை ஒரு கட்டம் தள்ளியபோது, மருதாணிக் கை ஒன்று பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"என்ன ஆயிற்று?" என்று முதலாளி எழுந்தார்.

ஹஜ்ஜியா பிடியை விடவில்லை. அக்காவும் கையை இழுக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஊரில் என் உம்மாவுக்கு இதை எப்படிச் சொல்லி அனுப்புவது என்பது வரைக்கும் நினைத்துவிட்டேன்.

"இவள் கள்ளாட்டம் ஆடுகிறாள்" என்றார் ஹஜ்ஜியா.

பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அது சிரிப்பு என்று புரியவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. "மகனே, ஜின்னைக் கையில் வைத்திருக்கிற சூனியக்காரி ஒரு கட்டத்துக்காகத் திருடுவாளா? ஜின்னிடம் சொன்னால் அது காயை நடுவில் கொண்டுபோய் வைக்காதா?"

மருமகள் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். ஹஜ்ஜியா அக்காவின் கையை விட்டுவிட்டு அவளருகே நகர்ந்து போய்த் தோளில் கை போட்டார். குரல் மாறிவிட்டது. "கொடுத்தவனும் எடுத்தவனும் அல்லாஹ், மகளே. இவளா எடுத்தாள்? இவளுக்கு ஒரு காப்பிக்கொட்டையைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை."

வெளியே அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். முதலாளி மூட்டையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். "கலாஸ், முடிந்தது" என்றார். தனியாகவே பள்ளிவாசலுக்குப் போனார்.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய் நிஜமாகவே கஹ்வா வைத்தாள். குவளையைக் கொண்டுவந்து ஹஜ்ஜியாவிடம் கொடுத்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எதுக்குப் புள்ள அழுவுற? நான் என்ன தோத்தா போய்ட்டேன்?" என்றாள்.

மண்தட்டை ஹஜ்ஜியா திருப்பித் தரவில்லை. தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். தினம் மத்தியானம் இருவரும் ஆடினார்களாம். காவல்காரன் மூன்றாம் சுற்றில் மறுபடி தூங்குவான் என்று ஹஜ்ஜியா புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்தாராம். "கெழவிக்கும் இப்பக் கண்ட நேரத்துல கஹ்வா வாசன வருது. சுத்த அழுகுணி" என்று அக்கா என்னிடம் வந்து குறை சொன்னாள். அடுத்த வருஷம் அந்த மருமகளுக்கு ஆண்குழந்தை பிறந்தபோது தூக்கிப் பார்த்துக்கொண்டதும் அக்காதான். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து விசாவை முடித்துக்கொண்டு அவள் ஊருக்குக் கிளம்பினாள்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். புதுத் துணியில் கட்டம் போட்டேன். ஆடினோம். அவள் கடைசிக் காய் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. எனக்கு ஒரு தாயம் விழுந்தால் வெட்டிவிடுவேன். அப்போதுதான், இத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு அந்த அம்மாகிட்ட வேணும்னுதானே மாட்டிக்கிட்டீங்க? திருடுறத அவங்க பாக்கணும்னுதானே அந்த வாசனையச் சொன்னீங்க?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நானும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன்.

"ஏ புள்ள, அடுப்புல மீன் கருகுற வாசன வரல?"

பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை; அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் வாங்கவே இல்லை. திரும்பினபோது அவள் காய் பழமாகியிருந்தது.